குருசடியில் நின்று எடுத்த எண்கள்

போன மாதம் ஷைனி போன் செய்தாள். நான் வேலை பார்த்த கல்லூரியின் தாவரவியல் துறையில் இப்போது களப்பணிக்குச் சேர்ந்திருக்கிற பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவள், நேரில் பார்த்ததில்லை. துறையில் யாரோ என் நம்பரைக் கொடுத்து, "ஜி.பி.எஸ் சந்தேகமெல்லாம் எட்வின் சார்ட்ட கேளு, அதுல அவரு ராஜா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சார், ரப்பர் தோட்டத்துக்குள்ள போனா போன்ல சரியா இடம் காட்ட மாட்டேங்குது. நீங்கல்லாம் அப்போ என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

வானம் தெரிகிற இடத்துக்கு வந்து எண் எடுக்க வேண்டும், அங்கிருந்து செடி எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்து எழுத வேண்டும் என்று சொன்னேன். பாடப்புத்தகத்தில் உள்ள பதில்தான். "தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டாள். அன்று மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் கேட்டது "என்ன செய்ய வேண்டும்" என்று இல்லை, "என்ன செய்வீங்க" என்று. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். படித்துவிட்டு அவள் என்னை என்ன நினைத்தாலும் சரி.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2004இல், சுனாமிக்குக் கொஞ்சம் முன்னால். களப்பணி உதவியாளர் என்று பெயர். பி.எஸ்சி தாவரவியல் முடித்து, நாற்பதை நெருங்கும்வரை ஒரு பாத்திரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய வேலை. மூன்று நாள் பயிற்சி, கையில் ஒரு ஜி.பி.எஸ் கருவி, தோளில் ஒரு பை. கருவி ஒரு சோப்புப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை ஆகாயத்தைப் பார்த்துப் பிடித்தால் சாட்டிலைட்டுகளைத் தேடிப் பிடித்து, நாம் நிற்கும் இடத்துக்கு இரண்டு எண் கொடுக்கும். எங்கள் மாவட்டத்தில் எங்கே நின்றாலும் முதல் எண் எட்டில் தொடங்கும், அடுத்தது எழுபத்தேழில் தொடங்கும்.

கடல் பொங்கி அடங்கிய பிறகு, கரையோரத்தில் எந்தெந்தச் செடி தப்பியிருக்கிறது என்று குறிக்கிற வேலையைத்தான் எனக்கு முதலில் கொடுத்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கடற்கரை ஊர் ஒவ்வொன்றாக நடந்தேன். வீடிழந்தவர்கள் கூடாரத்தில் இருக்க, நான் அடம்பங்கொடிக்கு எண் எடுத்துக்கொண்டிருந்தது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கடற்கரையில் மரமில்லை, மலையில்லை, வானம் முழுதாகத் திறந்து கிடந்தது. கருவி நாலு மீட்டர் பிசகாமல் எண் கொடுத்தது. நான் ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்ததாகத் துறையில் பேச்சு கிளம்பியது. கடற்கரை வானத்துக்குக் கிடைக்க வேண்டிய பேரை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பேரைக் கொடுத்தவர் எங்கள் துறைத்தலைவர், பத்மா மேடம். பத்மநாபபுரம் கோட்டைக்குள் வீடு. காலையில் அரண்மனை பார்க்க டூரிஸ்ட் வண்டிகள் வந்து தெருவை அடைக்கும் முன்னால் பஸ் ஏறி வந்துவிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் திட்டமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "இன்னொரு தடவ போயிட்டு வந்திருங்க எட்வின்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு பஸ் மாறி, நாலு மைல் நடந்து, அட்டைக்கடி வாங்கித் திரும்பி வர வேண்டும். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

களத்திலிருந்து வந்ததும் எண் வாசிப்பு நடக்கும். நான் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும், அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதுவார். "ஸீரோ" என்று சொல்லக்கூடாது, பூஜ்யம் என்று சொல்ல வேண்டும். ஸீரோவும் நாலும் அவசரத்தில் ஒன்றுபோலக் காதில் விழுமாம். எனக்கு அப்படி ஒருநாளும் விழுந்ததில்லை, ஆனாலும் பூஜ்யம் என்றே சொன்னேன். பிறகு அவர் மறுபடி முழுசாக வாசிப்பார், நான் நோட்டைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். "என்ன தெரிஞ்சதோ அத எழுதாதீங்க. என்ன செஞ்சீங்களோ அத எழுதுங்க" என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்.

அவரே வடிவமைத்த படிவம் ஒன்று உண்டு. தேதி, இடம், செடியின் பெயர் என்று வரிசையாகக் கட்டங்கள். ஏழாவது கட்டம், "செடிக்கும் கருவிக்கும் இடைவெளி". செடியின் பக்கத்திலேயே நின்று எண் எடுத்திருந்தால் அதில் பூஜ்யம் போட வேண்டும். கடற்கரைப் படிவங்களில் எல்லாம் பூஜ்யம்தான். உண்மையான பூஜ்யம்.

பிறகு மேற்கே அனுப்பினார். அருமனையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, பள்ளங்களில், நீர் கசிகிற இடங்களில் ஒரு சிறுசெடி இருப்பதாகத் தெரிய வந்திருந்தது. முழங்கால் உயரம்கூட வராது. ஆனியில் மழை பிடித்ததும் கிழங்கிலிருந்து முளைத்து, ஆவணிக்குள் வெள்ளையாக ஒரு பூ பூத்து, மார்கழியில் மண்ணுக்குள் சுருங்கிவிடும். பூ இருந்தால்தான் இன்ன செடி என்று உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் பதிவேட்டில் அதற்கு நீளமான லத்தீன் பெயர். றோசம்மா வீட்டில் அதற்குப் பெயர் ஊத்துச்செடி.

றோசம்மாதான் எனக்கு அந்தச் செடியை முதலில் காட்டிய பெண். ரப்பர் பால் வெட்டப் போகிறவர், கணவர் இல்லை, மகன் வளைகுடாவில். அவர் வீட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு ஊற்று. சுற்றியிருந்த ஆறு வீட்டுக்கும் குடிக்க அந்தத் தண்ணீர்தான். ஊற்றைச் சுற்றி, கால் வைக்க இடமில்லாமல் அந்தச் செடி. அத்தனை சேர்ந்து வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் இரண்டு மூன்று நின்றாலே அதிசயம்.

"மேட மாசத்துலயும் இஞ்ச வெள்ளம் வத்தாது சாரே. இந்தச் செடி நிக்கியதுவரைக்கும் ஊத்து சாவாதுண்ணு எனக்க மாமியாரு சொல்லும்" என்றார். அந்தப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். மேட மாசம் என்றால் சித்திரை.

நான் கருவியை வெளியே எடுத்தேன். ஆவணி மாத ரப்பர் தோட்டம், தலைக்கு மேலே ஒரு கைக்குட்டை அளவு வானம்கூட இல்லை. அன்றைய கருவிகளுக்கு இலைக்கூட்டத்தைத் தாண்டிப் பார்க்கிற சக்தி கிடையாது. இருபது நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு சாட்டிலைட் வந்தது, போனது. தை மாசம் ரப்பர் இலை உதிரும்போது வந்தால் வானம் கிடைக்கும், ஆனால் அப்போது செடி இருக்காது. செடி இருக்கும்போது வானம் இருக்காது.

பள்ளத்திலிருந்து மேலே ஏறினால் பாதை ரோட்டில் சேருகிற முக்கில் ஒரு குருசடி. சிலுவை வைத்து வெள்ளையடித்த சின்னக் கட்டடம், எங்கள் மாவட்டத்தில் முக்குக்கு முக்கு உண்டு. மேட்டில், நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில்தான் கட்டுவார்கள். முன்னால் பத்துப் பேர் நிற்கக் கொஞ்சம் வெட்டவெளி விட்டிருப்பார்கள். அங்கே போய் நின்றதும் ஏழு சாட்டிலைட் விழுந்தது. எண் கிடைத்தது. ஏழாவது கட்டத்தில், "குருசடியில் எடுத்தது, செடி வடகிழக்கே கீழே ஏறக்குறைய அறுநூறு அடி" என்று உண்மையைத்தான் எழுதினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏறக்குறைய வேண்டாம். அளந்துட்டு வந்திருங்க."

போனேன். அந்தச் சரிவில் தனியாளாக டேப் பிடிப்பது எப்படி? ஒரு முனையை ரப்பர் மரத்தில் கட்டினால் இன்னொரு முனை காட்டுச்செடியில் சிக்கும். வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். ஏதோ ஒரு அளவு கொண்டு வந்தேன். திசை சரியாக இல்லை என்று மறுபடி அனுப்பினார். மூன்றாவது தடவை அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் மறக்கவில்லை. கடற்கரையில் ராஜா என்று சொல்லிவிட்டு இங்கே எல்.கே.ஜி பிள்ளையைப் போல நடத்துகிறாரே என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே போனேன். அடுத்த செடி வேறொரு பள்ளத்தில் கிடைத்தது. அங்கேயும் வானம் இல்லை, அங்கேயும் மேட்டில் ஒரு குருசடி. எண்ணை எடுத்தேன். ஏழாவது கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.

அன்று எண் வாசிப்பில் மேடம் கேட்டார், "இடைவெளி?"

"பூஜ்யம் மேடம்."

"பூஜ்யம்" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். "பாத்தீங்களா, முயற்சி பண்ணினா வருது" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம், எந்தப் பள்ளத்தில் செடியைப் பார்த்தாலும் மேலே ஏறிப் பக்கத்துக் குருசடியில் நின்று எண் எடுத்தேன், எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். றோசம்மாவின் ஊற்றுக்கும் மறுபடி போய்ச் செடியின் பக்கத்திலேயே எண் எடுத்ததாகச் சொல்லி, பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் பூஜ்யம் எழுதிக் கொடுத்தேன். அறுநூறு அடி என்ன பெரிய தூரம், உலகப் படத்தில் ஒரு ஊசிமுனைகூடக் கிடையாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதில் சிரிப்பு என்னவென்றால், நாங்கள் கிறிஸ்தவர்களிலேயே குருசடி வைக்காத சபை. என் அம்மா குருசடியைக் கடக்கும்போது தலையைக்கூடத் திருப்பமாட்டாள். அவள் மகன் விளவங்கோடு தாலுகா முழுக்க ஒரு குருசடி பாக்கியில்லாமல் முன்னால் நின்று கையை வானத்துக்கு ஏந்திக்கொண்டிருந்தான். ஒரு தடவை மெழுகுவத்தி கொளுத்த வந்த ஒரு வயசான பாட்டா, "என்ன மக்கா, பெரிய நேர்ச்சையா? அந்தோணியாரு நடத்தித் தருவாரு" என்று, நான் ஏதோ வேண்டுதலுக்கு நிற்பதாக நினைத்து, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர் மாடல் வந்தது. விஷயம் எளிமையானது. ஒரு செடியைப் பார்த்த இடங்களின் எண்களைக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்த இடங்களின் உயரம், சரிவு, மழை, நிலத்தின் ஈரம் எல்லாவற்றையும் பார்த்து, இதே மாதிரியான இடம் மாவட்டத்தில் வேறெங்கெல்லாம் உண்டு என்று நிறம் போட்டுக் காட்டும். சிவப்பு என்றால் செடி வாழும், நீலம் என்றால் வாழாது. பக்கத்து வீட்டு நிலத்தையும் நம் வீட்டு நிலத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டமாகப் படத்தைப் பிரித்திருந்தார்கள். அதாவது, அறுநூறு அடி என்பது அதற்குப் பெரிய தூரம். பள்ளம் ஒரு கட்டம், மேடு வேறு கட்டம்.

படம் வந்தது. மேடெல்லாம் சிவப்பு. அருமனையிலிருந்து நாலா பக்கமும், ரோட்டோர மேடுகள், முக்குகள், நாலு பேர் கூடும் திடல்கள், எல்லாம் சிவப்பு. பள்ளங்கள் நீலம். எங்கெல்லாம் குருசடி கட்டலாம் என்று கேட்டிருந்தால் கம்ப்யூட்டர் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. எண்களில் கொஞ்சத்தை ஒளித்துவைத்து மாடலைச் சோதித்தும் பார்த்தார்கள். ஒளித்துவைத்ததும் குருசடிதானே, சோதனையில் நல்ல மார்க் வாங்கி ஜெயித்தது.

மேடம் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். என்னை மட்டும் கூப்பிட்டார். கண்ணாடி மேசையில் இருந்தது.

"எட்வின், நான் அந்த ஊத்துக்கு ஒரு தடவ போயிருக்கேன். செடிய பள்ளத்துலதான் பாத்தேன். இது மேட்டுல காட்டுது. ஒங்க நம்பர் எல்லாமே செடிப் பக்கத்துல நின்னு எடுத்ததுதானே?"

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அவர் என்ன செய்திருப்பார்? இன்னொரு தடவை போயிட்டு வந்திருங்க என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசையில் இருந்தது. அதைவிட, மூன்று வருஷமாக "பூஜ்யம்" என்று திருப்பிச் சொல்லி எழுதிய அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆமா மேடம். எல்லாம் அந்தந்த எடத்துல நின்னு எடுத்ததுதான்."

அவர் தலையாட்டினார். "அப்போ என் கண்ணுதான் குறைவா பாத்திருக்கு. மழைக்கு மேட்டோரத்துலயும் கசியும்தான்" என்றார். தன் கண்ணைவிட என் எண்ணை நம்பினார்.

அடுத்த வருஷம் ஒரு புதிய ரோட்டுக்கு அளந்து கல் நட்டார்கள். கல் றோசம்மாவின் பள்ளத்துக்குக் குறுக்கே வந்தது. பள்ளத்தை மண் போட்டு மேடாக்கினால்தான் ரோடு போகும். எந்த ரோடு, யார் போட்டார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. அவர்கள் எங்கள் துறைக்கு ஒழுங்காகக் கடிதம் போட்டுக் கேட்டார்கள்: இங்கே அபூர்வச் செடி இருப்பதாக ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள், அது இங்கே மட்டும்தான் வாழுமா, வேறு இடத்திலும் வாழுமா? நியாயமான கேள்வி.

மனு கொடுத்தது றோசம்மா. ஆறு வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். அருமனை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"சாரே, இந்தச் செடி நிக்கப்பட்ட எடத்துல மண்ணு போட மாட்டினுமாம். எனக்க மவன் போன்ல சொன்னான். நீங்க எழுதிக் குடுத்தா மதியாம், அதே போருமாம், இல்லியா?"

"மேடம்தான் எழுதுவாங்க" என்றேன்.

"நீங்க கண்டதத்தான அவிய எழுதுவாவ? ஊத்து போச்சுண்ணா ஞங்க வெள்ளத்துக்கு எஞ்ச போவோம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி ஏறிக்கொண்டேன். அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

மேடம் பதில் எழுதினார். மாடலின் படி இந்த இனம் மேற்குத் தாலுகாக்களின் மேட்டுநிலங்களில் பரவலாக வாழ வாய்ப்புண்டு, பாதிக்கப்படும் செடிகளைச் சிவப்பாகக் காட்டப்பட்ட இடங்களில் மாற்றி நட்டால் போதும். டைப் செய்து, படத்தை இணைத்து, தபாலில் சேர்த்தது நான்தான்.

மாற்றி நடுகிற வேலையையும் என்னிடமே கொடுத்தார். ஐப்பசி மழையில் போனேன். ஒவ்வொரு செடியாக, கிழங்கு காயம் படாமல், ஒரு சாண் ஆழம் மண்கட்டியோடு தோண்டி எடுக்க வேண்டும். ஈரச்சாக்கில் சுற்ற வேண்டும். ஊற்றை ஒட்டி நின்ற செடிகளைத் தூக்கும்போது அந்தக் குழிகளில் உடனே தண்ணீர் நிரம்பியது. ஐந்து மேடுகளுக்குப் பிரித்துக் கொண்டுபோய் நட்டேன். ஐந்தும் என் குருசடி மேடுகள். வெட்டுக்கல் போல இறுகிய செம்மண். கம்பியால் குத்தித்தான் குழி எடுக்க முடிந்தது. நடும்போதே எனக்குத் தெரியும், இது ஒன்றும் பிழைக்காது என்று. தெரிந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் மண் அணைத்தேன். கொலை செய்கிறவனுக்குக்கூடக் கோபம் என்று ஒரு காரணம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

றோசம்மா முதல் மேட்டில் வந்து நின்று பார்த்தார்.

"இதென்ன சாரே, வெள்ளம் இல்லாத்த எடத்துல கொண்டு நடுதிய? இதுக்கு ஊத்துச்செடிண்ணுல்லா பேரு."

"கம்ப்யூட்டர் சொல்லுது, இங்க வாழும்னு."

அவர் என்னையும் குருசடியையும் மாறி மாறிப் பார்த்தார். "கம்ப்யூட்டரு இஞ்ச வந்து பாத்துதா?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

கார்த்திகை முழுக்க மழை இருந்ததால் செடிகள் நின்றன. மழை விட்டதும் நான் வாரத்துக்கு மூன்று நாள் பைக்கில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினேன். வீட்டில், "ஆபீஸ் செடிக்குத் தண்ணி ஊத்துற மனுஷன் நம்ம முருங்கைக்கு ஒரு செம்பு ஊத்தக்கூடாதா" என்று கேட்டார்கள். இலை சுருங்கியபோது, இது வருஷா வருஷம் மண்ணுக்குள் போகிற செடிதானே, ஆனியில் முளைக்கும் என்று ஒரு நப்பாசை. அதற்குள் பள்ளத்தில் லாரி லாரியாக மண் கொட்டி முடித்திருந்தார்கள்.

ஆனி வந்தது. மழையும் நன்றாகப் பிடித்தது. ஒன்றும் முளைக்கவில்லை. மேடம் நேரில் பார்க்க வேண்டும் என்றார். முட்டிவலிக்காரர், துறை ஜீப்பில் அழைத்துப் போனேன். முதல் மேட்டில் மண்ணைக் கிளறினார். கிழங்கு சருகாக வந்தது. கையில் வைத்து நசுக்கிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். இரண்டாவது மேட்டிலும் அதே. மூன்றாவது மேட்டில் ஜீப்பை விட்டு இறங்கியவர் செடி நட்ட இடத்துக்கு வரவில்லை. குருசடியைப் பார்த்தபடி நின்றார். யாரோ வைத்த மெழுகுவத்தி மழைச்சாரலில் அணைந்து கிடந்தது. கண்ணாடியைக் கழற்றினார். வைப்பதற்கு மேசை இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

"இங்க வானம் நல்லாத் தெரியுது, இல்லையா எட்வின்?" என்றார்.

மீதி இரண்டு இடங்களுக்கு நாங்கள் போகவில்லை. ஜீப்பில் திரும்பும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ரோட்டில் எத்தனை குருசடி வந்ததோ அத்தனையையும் அவர் எண்ணுவதாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் அவர் ரோடு போட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மாடலையும் படத்தையும் திரும்பப் பெறுவதாகவும், எண்களை நேரில் சரிபார்க்கத் தவறியது தன் குற்றம் என்றும். பள்ளம் மூடப்பட்டுவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் சேர்க்க என்னிடம்தான் கொடுத்தார். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன்.

"மேடம், இதுல என் பேரு இல்லையே" என்றேன்.

"பதிவேட்டுல கையெழுத்து என்னது எட்வின்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. முன்பே நிரந்தரமாகியிருந்த என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை இன்னும் மூன்று வருஷம் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். எப்போதும்போல அதே குரல், அதே மரியாதை. எண் வாசிப்பும் நடந்தது. நான் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். ஏழாவது கட்டம் வரும்போது மட்டும் நான் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி பேனாவை நிறுத்துவார். அந்த ஒரு நொடிக்குப் பயந்து வேலையை விட்டுவிடலாமா என்று எத்தனையோ நாள் நினைத்தேன், விடவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் இருக்கும்போது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பத்மநாபபுரம்வரை இரண்டு தடவை போய், அரண்மனை வாசலில் டூரிஸ்ட் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மற்றப் பள்ளங்களில் இரண்டும் மூன்றுமாக நின்ற செடிகளைப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் தேடினேன். பழைய ரப்பரை வெட்டிப் புதுக்கன்று வைத்த இடத்தில் இயந்திரம் மண்ணைப் புரட்டிப் போட்டிருந்தது. சில இடத்தில் அன்னாசி போட்டிருந்தார்கள். என் படிவங்களை வைத்துக்கொண்டு வேறு யாரும் தேடவும் முடியாது. அவை எல்லாம் குருசடிக்குத்தான் வழி சொல்லும். கடைசியாக ஓய்வு பெற்ற வருஷமும் தேடினேன். ஒரு செடியும் கண்ணில் படவில்லை.

ஷைனி போன் செய்த மறுநாள் அருமனைக்கு பஸ் ஏறினேன். ரோடு நன்றாக இருக்கிறது. பள்ளம் இருந்த அடையாளமே இல்லை. றோசம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. இரண்டு நாளைக்கு ஒருமுறை லாரி வந்து தண்ணீர் ஊற்றுமாம். எதிர்த்த கடைக்காரர் சொன்னார். வீடு திறந்துதான் இருந்தது. உள்ளே போய் முகத்தைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

ரோட்டில் நடந்து, ஊற்று இருந்த இடத்துக்கு நேர் மேலே என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் நின்றேன். அந்த மேட்டுக் குருசடியும், அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு பாறையும் தெரியும் கோணத்தை வைத்து அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் காட்டுவேன். இரண்டு பக்கமும் ரப்பரை வெட்டி அகலப்படுத்தியிருக்கிறார்கள். தலைக்கு மேலே வானம் முழுதாகத் திறந்து கிடந்தது. போனை எடுத்தேன். கை ஏந்தக்கூட வேண்டியிருக்கவில்லை, உடனே எண் வந்தது. எட்டில் தொடங்கும் எண், எழுபத்தேழில் தொடங்கும் எண். மூன்று மீட்டர்கூடப் பிசகு இல்லை என்று காட்டியது. பையில் பழைய வெற்றுப் படிவம் ஒன்று வைத்திருந்தேன். ரோட்டோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். செடியின் பெயர் எழுதினேன். இடத்தின் பெயர் எழுதினேன். செடிக்கும் கருவிக்கும் இடைவெளி என்ற கட்டத்தில், பூஜ்யம் என்று எழுதினேன். இந்த ஒரு தடவை அது உண்மை.